கொண்டலாத்திக்குக் கொடுத்த இடம்

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் நிவேதா பீரோவின் மேல்தட்டைக் குடைந்துகொண்டிருந்தபோது ஒரு துணிப்பொட்டலம் கீழே விழுந்தது. பிரித்தால் உள்ளே ஒரே ஒரு சிடி. சுற்றியிருந்தது சாம்பல் நிறப் பனியன் துணி, கட்டிங் டேபிளில் மிஞ்சுகிற துண்டு. திருப்பூரில் எந்த வீட்டிலும் எதைப் பொதிந்து வைப்பதானாலும் அந்தத் துண்டுதான். அடுப்பு துடைக்கவும் அதுதான், வண்டி துடைக்கவும் அதுதான். நான் சிடியை விட்டுவிட்டுத் துணியை எடுத்து மோந்து பார்த்தேன். மகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

இத்தனை வருஷம் கழித்து என்ன வாசனை இருக்கப்போகிறது? பூச்சி உருண்டை நெடிதான் அடித்தது. ஆனால் மூக்குக்கு ஒரு பிடிவாதம் உண்டு. ஸ்டீம் அயர்ன் பட்டவுடன் புதுப் பனியன் துணியிலிருந்து ஓர் ஆவி எழும்புமே, சாயமும் சூடும் ஈரப் பருத்தியும் கலந்த ஆவி, அதைத்தான் தேடியது. அந்த ஆவிக்குப் பின்னால் நீளமாக மூன்று மேஜைகள். மேஜைக்கு மேலே டியூப்லைட் வரிசை. நடு மேஜையில் ஒரு பெண். அவள் சாந்தாமணி, பிறகு என் மனைவியானவள், நிவேதாவின் அம்மா.

இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த முதல் ஆறேழு வருஷங்களைச் சொல்கிறேன். நான் கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவன். அவள் பெருமாநல்லூர்க்காரி. எங்கள் பனியன் கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. தைத்து வந்த பீஸை எடுப்பாள், கழுத்து, தோள், கை, பக்கம், அடிமடிப்பு என்று ஒரு சுற்றுச் சுற்றுவாள். குறை இருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு போட்ட குட்டி ஸ்டிக்கரை ஒட்டுவாள். திருத்த முடிகிற குறை என்றால் அது ஆல்ட்டர், டெய்லரிடம் திரும்பிப் போகும். திருத்த முடியாதது ரிஜெக்ட், மூட்டைக்குப் போகும். அவள் ஒட்டிய அம்பைப் பிய்க்க மேனேஜருக்கே தைரியம் கிடையாது. அவள் கண்ணுக்குத் தப்பி ஓர் ஊசித் துளைகூட கப்பல் ஏறியதில்லை என்று டெய்லர்கள் வயிற்றெரிச்சலோடு சொல்வார்கள்.

என் வேலை அந்த அம்புகளைப் படம் எடுப்பது. சிரிக்காதீர்கள், உண்மையாகவே அதுதான் வேலை. கம்பெனியில் ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கியிருந்தார்கள். ஓட்டை, எண்ணெய்க் கறை, நூல் விட்ட இடம் என்று பக்கத்தில் போய்ப் படம் பிடித்து, ஆர்டர் கொடுத்த வெளிநாட்டு பையருக்கு மெயில் அனுப்ப வேண்டும். அம்பு ஒட்டுகிறவளும் அம்பைப் படம் எடுக்கிறவனும் எத்தனை நாளைக்குப் பேசாமல் இருக்க முடியும்? கல்யாணம் ஆயிற்று, நிவேதா பிறந்தாள். கல்யாணத்துக்கு அப்புறமும் சாந்தாமணி அந்த மேஜையை விடவில்லை. வீட்டுக்கு வரும்போது முழங்கையில் மறந்துபோன ஒரு ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு நாள் என் சட்டையில் சாம்பார் பட்ட இடத்தில் அதை ஒட்டிவிட்டு ஒன்றும் தெரியாதவள்போல் போய்விட்டாள். நான் அதோடு டீக்கடைக்குப் போய்வந்தேன்.

வாரத்தில் ஆறு நாள் ஓட்டையைப் பார்த்த கேமராவுக்கு ஏழாம் நாள் ஒரு மரத்தையாவது காட்டலாமே என்று எனக்குத் தோன்றியது. மேனேஜர் நல்ல மனிதர், சனிக்கிழமை கொடுத்தனுப்புவார். திங்கட்கிழமை காலை மெமரி கார்டைக் காலி செய்து கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. வேண்டிய படங்களை முதலில் சிடியில் ஏற்றிக்கொள்வேன். முப்பது படத்துக்கு மேல் கொள்ளாத கார்டு அது. இன்றைக்கு ஒரு தோசைக்கே முப்பது படம் எடுக்கிறார்கள்.

ஆர்டர் கொஞ்சம் இளைக்கிற மே மாதத்தில் ஒரு ஞாயிறும் விடமாட்டோம். மொபெட்டில் முன்னால் நிவேதா நின்றுகொள்வாள், பின்னால் சாந்தாமணி, அவள் மடியில் புளிச்சோற்றுத் தூக்கு. பக்கம் என்றால் பெருமாநல்லூர் போகிற வழியில் இருந்த ஒரு குளம். தூரம் என்றால் பஸ் பிடித்து உடுமலைப்பேட்டை, அங்கிருந்து அமராவதி அணை. உடுமலை தாண்டியதும் தென்னந்தோப்புக்கு மேலே கரண்ட் எடுக்கிற காற்றாடிகள் தலை காட்டும். நிவேதா ஒவ்வொன்றுக்கும் டாட்டா காட்டுவாள். அது கை அசைத்துப் பதில் சொல்கிறது என்று அவளுக்கு நம்பிக்கை. சுற்றாமல் நிற்கிற காற்றாடியைப் பார்த்தால் அதற்கு உடம்பு சரியில்லையா என்று கேட்பாள். சாந்தாமணி முகத்தை மாற்றாமல், அதை ஆல்ட்டருக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்பாள்.

நான் பெரிய போட்டோக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு வந்திருந்தது. குளத்துக் கரையில் குப்புறப் படுத்து, தண்ணீரில் நீந்தும் நாமக்கோழியைப் படம் எடுப்பேன். வேட்டி சேறாகும், நாமக்கோழி போயிருக்கும். இடையிடையே அவர்கள் இருவரையும் எடுப்பேன். பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது. சாயங்காலம் கார்டு நிறையும் நேரத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து வேண்டாததை அழிப்போம். அந்த வேலையைச் சாந்தாமணிதான் செய்வாள். இரண்டு விரல் அகலத் திரைமேல் குனிந்து, கட்டைவிரல் நகத்தால் குறையைத் தொட்டுக் காட்டுவாள்.

"ஏனுங்க, கண்ணு பாதி மூடியிருக்குதுங்க. எடுத்துப்போடுங்க."

அடுத்ததில் பொட்டு சாய்ந்திருக்கும். அதற்கடுத்ததில் ஜாக்கெட் கை சுருங்கியிருக்கும், இல்லையென்றால் முகத்தில் பாதி நிழல், இல்லையென்றால் பல் தெரியும். பல் தெரிவது எப்படி ஒரு குறை என்று நான் சண்டை போட்டிருக்கிறேன். அவளிடம் அதெல்லாம் எடுபடாது. குளத்தின் படம், கொக்கின் படம், மகளின் படம் எல்லாம் பாஸ் ஆகும். நிவேதா மூக்கொழுகிக்கொண்டு நின்றாலும் பாஸ். தன் படம் மட்டும் ஆகாது. ஒருமுறை நான் எரிச்சலில், போட்டோவை எந்த டெய்லரிடம் கொடுத்து ஆல்ட்டர் பண்ண முடியும் என்று கேட்டேன். அவள் யோசித்துவிட்டு, "அப்படீன்னா ரிஜெக்ட்டுங்க" என்றாள். திட்டுவதானாலும் "ங்க" போட்டுத்தான் திட்டுவாள். அந்த "ங்க"வுக்கு முன்னால் என் கோவில்பட்டி வாய் அடைத்துப்போகும்.

நாள் முழுக்கக் குறையையே பார்த்த கண். வேறு எதையும் பார்க்க அதற்குத் தெரியவில்லை. இதை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அவள் படத்தை அழிக்கும்போதெல்லாம் ஒரு பறவைக்கு இடம் கிடைக்கிறதே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஒரு மே மாதம் அமராவதி அணைக்குப் போயிருந்தோம். வெளியே மாங்காய் கீற்றுப் போட்டு, உப்பும் மிளகாய்ப் பொடியும் தூவி விற்றுக்கொண்டிருந்தார்கள். பூங்காவுக்குள் ஒரு வேப்பமரத்தின் கவையில் நிவேதாவை உட்கார வைத்துவிட்டு, சாந்தாமணி கீழே நின்று மாங்காய் தின்றுகொண்டிருந்தாள். புளிப்பில் ஒரு கண் தானாக மூடிக்கொண்டது. சாறு முழங்கை வரை வழிந்தது. மேலேயிருந்து மகள் என்னவோ கேட்டாள். இவள் அண்ணாந்து சிரித்தாள். கேமரா என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தாள். நான் எடுத்தேன். திரையில் பார்த்தபோது எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. கல்யாண ஆல்பத்தில் இருப்பது யாரோ, என் மனைவி இவள்தான். அவளுக்குக் காட்டவில்லை. கம்பெனிக் கணக்குப்படி அதில் எத்தனை அம்பு ஒட்டலாம் என்று எனக்குத் தெரியும்.

கொஞ்ச நேரத்தில் புல்தரையில் ஒரு கொண்டலாத்தி வந்து இறங்கியது. மூன்று கோடையாக நான் தேடிக்கொண்டிருந்த பறவை. பத்தடி தூரத்தில் கொண்டையை விரித்துக்கொண்டு நிற்கிறது. பொத்தானை அமுக்கினால் கார்டு நிறைந்துவிட்டது என்று வருகிறது. நான் பொத்தானை மறுபடி மறுபடி அமுக்குவதைச் சாந்தாமணி பார்த்துவிட்டாள். பறவைக்குக் கேட்டுவிடுமோ என்பதுபோல் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"எம்படம் ஒண்ணு ஒளிச்சு வெச்சிருப்பீங்கல்ல, அதை அழிச்சுப்போட்டு இதைப் புடிங்க. பறந்துருமுங்க."

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நான் ஒளித்ததும் தெரிந்திருக்கிறது, ஏன் ஒளித்தேன் என்பதும் தெரிந்திருக்கலாம். அந்தக் கார்டில் காற்றாடி மட்டும் ஐந்து படம் இருந்தது. ஒன்றை அழித்திருக்கலாம். தோன்றவில்லை. அவள் சொன்னதைச் செய்தேன். கொண்டலாத்தி படத்தில் அற்புதமாக விழுந்தது, கொண்டையின் ஒவ்வோர் இறகும் தனித்தனியாக. அவள் கேமராவை வாங்கிப் பார்த்து, இதில் ஒரு குறையும் இல்லை என்று தலையாட்டினாள். நான் பூரித்துப்போனேன்.

அதற்கடுத்த கோடையைப் பார்க்க அவள் இல்லை. காமாலை என்றார்கள், கல்லீரல் என்றார்கள், பதினோரு நாளில் முடிந்துவிட்டது. நிவேதாவுக்கு அப்போது ஐந்து முடியவில்லை. மாலை போட ஒரு படம் வேண்டும் என்று வீட்டில் தேடினார்கள். கல்யாணப் படத்தில் என்னை வெட்டிவிட்டு அவளை மட்டும் பெரிதாக்கிக் கொடுத்தார் ஸ்டூடியோக்காரர். இன்றைக்கும் சுவரில் இருக்கிறது. பூசிய பவுடரும் பயந்த கண்ணுமாக நிற்கிறாள். ஓரத்தில் என் கல்யாண மாலையின் நாலு பூ. நிவேதா வளர்ந்த பிறகு பல தடவை அந்தப் படத்துக்குப் பக்கத்தில் கண்ணாடியை வைத்துப் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கவிழ்த்து வைத்துவிடுவாள்.

இப்போது அவளுக்குச் சாந்தாமணி போன வயது. விசேஷ வீடுகளில் அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் அவள் தாடையைப் பிடித்து, அப்படியே அம்மாதான் என்கிறார்கள். அது நிஜமா என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அவ்வளவுதான் அவள் கேட்பது. அதற்காகத்தான் அன்று பீரோவைக் குடைந்திருக்கிறாள்.

அவள் லாப்டாப்பில் சிடி போடுகிற இடமே இல்லை. யாரிடமோ ஒரு டிரைவ் இரவல் வாங்கி வந்தாள். நான் எச்சரித்தேன், அதில் அம்மா இருக்கமாட்டாள் என்று. அவள் நம்பவில்லை. இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். நாமக்கோழி, கொக்கு, காற்றாடி, தென்னை, மூக்கொழுகும் நிவேதா, அணை, மறுபடி கொக்கு. கொண்டலாத்தி வந்ததும், "சூப்பரா எடுத்திருக்கீங்கப்பா" என்றாள். அந்தப் பறவையை எனக்குப் பார்க்கப் பிடிக்கவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

திரும்பி வந்தால் அவள் படங்களைப் பார்க்கவில்லை, படங்களுக்குக் கீழே இருந்த எண்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேமரா தானாகப் போட்டுக்கொண்ட எண்கள். நாற்பத்தொன்றுக்கு அப்புறம் நாற்பத்து நான்கு. ஐம்பதுக்கு அப்புறம் ஐம்பத்து மூன்று.

"நடுவுல நடுவுல விட்டுப்போயிருக்கேப்பா. அதெல்லாம் அம்மாவா?"

எல்லாம் இல்லை என்றேன். பறந்துபோன பறவைகளும், வாரநாளில் எடுத்த கம்பெனி ஓட்டைகளும் உண்டு. ஆனால் ஒரே நாளுக்குள் விட்டுப்போனது பெரும்பாலும் அவள்தான். இருபது வருஷமாக எனக்கு இது உறைக்கவில்லை. அழித்தால் போய்விடும் என்று நினைத்திருந்தேன். அவள் இருந்த ஒவ்வோர் இடத்தையும் அந்தக் கேமரா காலியாகவே விட்டுவைத்திருக்கிறது. நிவேதா ஒரு நோட்டை எடுத்து, விட்டுப்போன எண்களை ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினாள். எழுதிவிட்டு, ஒவ்வொன்றிலும் அம்மா எப்படி இருந்தாள் என்று சொல்லச் சொன்னாள்.

சொன்னேன். முன்னும் பின்னும் இருந்த படங்களை வைத்துக்கொண்டு சொல்ல வந்தது. இதில் குளத்துப் படியில் செருப்பைக் கழுவினாள், பொட்டு சாய்ந்திருந்தது. இதில் உன் சடையைப் பின்னினாள், வாயில் ரிப்பன், புருவம் நெரிந்திருந்தது. கொண்டலாத்திக்கு ஓர் எண் முன்னால் மாங்காய். புளிப்பில் ஒரு கண் மூடியதையும் சாறு முழங்கை வரை வழிந்ததையும் சொன்னேன். எந்தக் கண் என்று நிவேதா கேட்டாள். இடது கண் என்றேன். அவள் எழுந்து சமையலறைக்குப் போய், எலுமிச்சம்பழத்தைக் கடித்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். அவளுக்கும் இடதுதான் மூடியது. தலையை ஆட்டினேன். அவள் உட்கார்ந்து அடுத்த எண்ணைக் காட்டினாள்.

எங்கள் கம்பெனி இருந்த இடத்தில் இப்போது டைல்ஸ் கடை. செக்கிங் மேஜைகள் எங்கே போயின என்று யாருக்கும் தெரியாது. சாந்தாமணி செருப்புக் கழுவிய படியை மண் மூடிவிட்டது. அணைப் பூங்காவில் அந்த வேப்பமரமும் இல்லை. இதையெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். ஊர் என்றால் மாறத்தான் செய்யும்.

நோட்டில் இன்னும் ஓரிடம் பாக்கி இருக்கிறது. பெருமாநல்லூர்ப் பக்கத்துக் குளத்துக்குப் போன ஏதோ ஒரு ஞாயிறு. முன்னால் ஒரு கொக்கு, பின்னால் வெறும் தண்ணீர். நடுவில் சேர்ந்தாற்போல் ஏழு எண்கள் இல்லை. நிவேதா பேனாவைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். நான் கொக்கைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன். என்ன சேலை, எங்கே நின்றாள், எதற்குச் சிரித்தாள், ஒன்றும் வரவில்லை. ஏழு படம் விடாமல் எடுத்திருக்கிறேன் என்றால் அவள் அன்றைக்கு ஏதோ அழகாகச் செய்திருக்க வேண்டும். ஏழுக்கும் அவள் வேண்டாம் என்றிருப்பாள், ஏழையும் நான் அழித்திருப்பேன். "தெரியலம்மா" என்றேன். அவள் அந்த ஏழு வரிகளையும் காலியாகவே விட்டு நோட்டை மூடினாள்.