அத்தை உழாத பாதை

எழுமலைக்கு மேற்கே, கரிசல் காட்டின் நடுவில், ஒரு வண்டி அகலத்துக்குப் புல் முளைத்த துண்டு ஒன்று கிடக்கிறது. அத்தையின் நிலத்தில் தொடங்கி அத்தையின் நிலத்திலேயே முடிந்துவிடும். எங்கிருந்தும் வருவதில்லை, எங்கேயும் போவதில்லை. அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, கடைசிவரை அதைப் பாதை என்றுதான் சொன்னாள்.

உச்சவரம்புக்கு மேல் வைத்திருந்ததாக ஒரு பண்ணையிடமிருந்து அரசாங்கம் எடுத்த நிலம் அது. அதே மண்ணைக் கூலிக்கு உழுதுகொண்டிருந்த குடும்பங்களுக்கு ஆளுக்கு ஓர் ஏக்கர் பட்டா கிடைத்தது. வீடுகள் உள்ளே மேட்டில். தார் ரோடு இந்தப் பக்கம். இரண்டுக்கும் நடுவே சர்வேயர் பாதை விட்டுத்தான் கல் நட்டார். ஆனால் ஒரு சாண் மண்கூடச் சொந்தமில்லாமல் இருந்தவர்களுக்குச் சொந்த நிலம் கிடைத்தால் என்ன ஆகும்? ஆளாளுக்கு ஒரு சால் பாதைக்குள் தள்ளி உழுதார்கள். அடுத்த வருஷம் இன்னொரு சால். நாலைந்து வெள்ளாமைக்குள் பாதை மாயமாகிவிட்டது. வெறும் நிலமாகக் கிடக்கும்போது வண்டி எப்படியும் போகும்; விதைத்துவிட்டால் வரப்புதான் கதி. உரமூட்டையும் தலையில், வெங்காயமும் தலையில். அத்தை மட்டும் தன் பங்குப் பாதையில் கலப்பை வைக்கவில்லை. “நடக்குற எடத்த உழுதுட்டு எங்குட்டு நடப்பீக?” என்று கேட்டுக்கொண்டே அதில் ஆட்டுக்குப் புல் அறுப்பாள். அடுத்த நிலத்து மாமா சும்மா விடமாட்டார்.

“என்ன மதினி, ஒங்க ரோட்டுல பஸ்ஸு எப்ப வரும்?”

“நீரு மொதல்ல வந்து வரிசைல நில்லும்” என்பாள் அத்தை.

ஓர் ஐப்பசியில், சோளம் ஆளுயரம் நின்றபோது, அத்தை ஒரு பக்கம் கை கால் இழுத்துக்கொண்டு விழுந்தாள். ஆம்புலன்ஸ் தார் ரோட்டிலேயே நின்றது. சேறான வரப்பில் முன்னால் ஒருவர், பின்னால் ஒருவராகத்தான் கட்டிலைத் தூக்க முடிந்தது. முன்னால் தூக்கியவர் மாமா; வழுக்கி வழுக்கி விழப்போனார். புல்துண்டை மிதித்ததும் நாலு பேர் தோள் கொடுத்து ஓடினார்கள். ஓட முடிந்தது அவ்வளவு தூரந்தான். மறுபடியும் வரப்பு. மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர், “கொஞ்சம் முன்னாடி கொண்டாந்திருக்கலாமேம்மா” என்றார். அதற்கப்புறம் அத்தை எழுந்து நடக்கவேயில்லை. அந்த ஊர்மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் ஆறவில்லை.

அத்தை போனபின் நிலம் என் பேருக்கு வந்தது. மதுரை கே.கே. நகரில் உட்கார்ந்துகொண்டு வானம் இருட்டினாலே எனக்கு இருப்புக்கொள்ளாது. இந்த வருஷம் இன்னும் மோசம். மேட்டில் மாமாவின் மருமகளுக்கு இப்போது ஏழாம் மாசம்.

போன வாரம் உழவுக்குப் போயிருந்தேன். டிராக்டரைப் புல்துண்டின் ஓரம் நிறுத்தி, “இதையும் ஓட்டிரவாக்கா?” என்று கேட்டான் ஓட்டி வந்தவன்.

“வேணாம் தம்பி, அது பாதை” என்றேன்.

வரப்பில் உட்கார்ந்திருந்த மாமா சிரிக்கவில்லை. பஸ்ஸைப் பற்றியும் கேட்கவில்லை. அவருடைய ஓர் ஏக்கர் மூன்று மகன்களுக்குப் பிரிந்துவிட்டது, எனக்கும் தெரியும். ஆனாலும் கேட்டுவிட்டேன். “ஐப்பசிலதான மாமா புள்ள பெறப்போகுது? நீங்களும் விடுங்க.”

“கீழ நெலத்துக்காரன் விடட்டும்த்தா, நானும் விடுறேன்” என்றார் மாமா.

பிறகு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, டிராக்டரைத் தன் நிலத்துக்குக் கூப்பிட்டார். கலப்பை எல்லைக்கல்வரை வந்து திரும்பியது. புரண்ட மண் அத்தையின் புல்மேல் வந்து விழுந்தது.