அத்தை விதவையாக நடித்த நாடகம்

என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், ஓர் அமெரிக்க நடிகையைக் கல்யாணம் செய்துகொண்டவர். நாங்கள் இருந்தது நியூயார்க்குக்குப் பக்கத்தில், ஐசலின் என்ற இடத்தில். அவர்கள் வீடு காரில் பத்து நிமிடம். நடிகை என்றதும் ஊரிலிருந்த உறவினர்கள் ஏதேதோ கற்பனை செய்துகொண்டார்கள். அத்தையோ முப்பது வருடமாக ரயிலேறி நியூயார்க் போய், வேடம் கேட்டு வரிசையில் நின்றவர். நாடகங்களில் அக்கம்பக்கத்துப் பெண்ணாக வருவார். சினிமாவில் நீதிபதி, நர்ஸ், விமான நிலையத்தில் பாஸ்போர்ட்டை வாங்கிப் பார்த்துத் திருப்பித் தரும் பெண். டிவியில் அந்த இடம் வந்ததும் மாமா ரிமோட்டை அமுக்கிப் படத்தை நிறுத்திவிடுவார். பாதி மூடிய கண்களோடு அத்தையின் முகம் திரையில் நிற்கும்.

"அண்ணா, அண்ணியை ஒரு டயலாக்காவது பேச விடு" என்பாள் அம்மா.

எனக்கு ஏழு வயதானபோது அத்தைக்கு முதல்முறையாக முக்கிய வேடம் கிடைத்தது. ஞாயிறு மதியக் காட்சிக்கு மாமா எங்களை அழைத்துப்போனார். இரண்டாவது வரிசை; எனக்கு ஒருபுறம் அம்மா, மறுபுறம் மாமா.

கணவனை இழந்த ஒரு பெண், அவனுடைய சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைப்பதாகக் காட்சி. மூன்றாவது சட்டையில் முகத்தைப் புதைத்து அத்தை அழுதார். எனக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்று கத்தினேன்.

"அத்தை, டோன்ட் க்ரை. மாமா இங்கதான் இருக்கார்."

அந்த அரங்கில் தமிழ் தெரிந்தவர்கள் நாங்கள் மூவர். மேடையில் இருந்தவரையும் சேர்த்தால் மூன்றரை. அம்மா என் வாயைப் பொத்தி இழுத்து உட்காரவைத்தாள். அத்தை தலையை நிமிர்த்தி எங்கள் வரிசையைப் பார்த்தார். கையில் சட்டையோடு வெகுநேரம் அப்படியே நின்றார். பிறகு அதை மடித்து வைத்துவிட்டு அடுத்த வசனத்தைச் சொன்னார். முடிவில் எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

ஒப்பனை அறையில் அத்தை பாதி மேக்கப்பைத் துடைத்திருந்தார். மாமாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஸாரி சொல்லு" என்றாள் அம்மா. சொன்னேன். அத்தை என் பக்கம் திரும்பாமல் மாமாவின் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"விடும்மா, குழந்தைதானே" என்றார் மாமா. "பார்க்கிங்ல கூட்டம் ஆயிடும், கிளம்பலாம்."

மாமாவின் பயாப்ஸி ரிப்போர்ட் அந்த வாரம்தான் வந்திருந்தது. அப்போது அது அவருக்கும் அத்தைக்கும் மட்டுமே தெரியும். அத்தை நாடகத்திலிருந்து விலகிக்கொள்ள நினைத்ததையும், மாமாதான் பிடிவாதமாக நடிக்க வைத்ததையும், அவர் இறந்த பிறகு அம்மா சொல்லித்தான் அறிந்தேன்.

அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், நாடகத்தைக் கெடுத்துவிட்டேன், அத்தைக்கு என் மேல் கோபம் என்பதுதான். மறுநாளே கலர் பென்சில்களால் ஒரு கார்டு வரைந்தேன். மேடை, பெட்டி, சட்டைகள். கீழே, "மாமா இருக்கிறார் என்று இனிமேல் சொல்லவே மாட்டேன், பிராமிஸ்" என்று ஆங்கிலத்தில் எழுதி, அடுத்த முறை அவர்கள் வீட்டுக்குப் போனபோது கொடுத்தேன்.

அத்தை அதை இரண்டு முறை படித்தார். மாமா கை நீட்டிக் கேட்டும் காட்டாமல் மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். சட்டைகளை நான் சரியாக வரையவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன்.