கரையில் போட்ட பிளீச்சிங் பவுடர்

தடாவுக்குக் கிழக்கே ஒரு மீனவர் குப்பத்தில் ஜீப் நின்றதும் முதலில் கண்ணில் பட்டவை இரண்டு வெள்ளைக் கோடுகள். தார்ச்சாலை முடியும் இடத்தில் தொடங்கி, மணலில் நேராக ஓடி, அலை நனைக்கும் இடம்வரை போயிருந்தன. பிளீச்சிங் பவுடர். எங்கள் பக்கத்தில் பெரிய அதிகாரி யார் வந்தாலும் பாதையின் இருபுறமும் இப்படிக் கோடு போடுவது மரியாதை. மீன்வளத் துறையில் என் பணிக்காலம் முழுவதும் அந்தக் கோடுகளுக்கு நடுவே நடந்தவன் நான். அன்று நாங்கள் போனது, கரை நெடுக மீன்கள் செத்து ஒதுங்கியது ஏன் என்று விசாரிக்க. கரையில் ஒரு மீன்கூட இல்லை.

என்னோடு வந்த ஆய்வக அதிகாரியை அலுவலகத்தில் எல்லோரும் லேப் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். சித்தூரின் பழைய மிஷன் சபைக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் பாடுகிற அதே குரலில் மற்ற நாட்களில் எங்களைத் திட்டுவார். போன மாதம் அவரை அடக்கம் செய்தோம். போதகர் அவருடைய பொறுமையைப் பற்றி வெகுநேரம் பேசினார். வேறு யாருடைய அடக்கத்துக்காவது வந்துவிட்டேனா என்று ஒருமுறை பெட்டியை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

ஊர் சார்பில் பேச வந்தவர், நாயுடுபேட்டைச் சந்தைக்குக் கூடை கொண்டுபோகும் ஒரு மீன்காரம்மா. "ஆபீசருங்க வராங்கன்னு சொன்னாங்கம்மா. செத்ததெல்லாம் வாரிப் பொதைச்சிட்டோம். தண்ணி ஓரம்கூட பவுடர் போட்டுக்கினு வந்தோம். துளி நாத்தம் இருக்குதா பாருங்க" என்றார் பெருமையாக.

அக்கா ஐஸ் பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டார். "அப்படியே கடலையும் பினாயில் ஊத்திக் கழுவியிருக்கலாமே" என்றார்.

அந்தம்மாவின் முகம் மாறியது. "ஏம்மா, தப்பு பண்ணிட்டமா?"

"இல்ல. ரொம்ப நல்லா பண்ணிட்டீங்க. அதான் பிரச்சினை."

துடித்துக்கொண்டிருக்கும் மீன்தான் பேசும். செத்து அழுகியது எதுவும் சொல்லாது. அதற்கு அடுத்த சாட்சி தண்ணீர். அதில் இப்போது எங்களுக்கான மரியாதை கரைந்திருந்தது. ஆனாலும் விசாரணைக்குப் போனவர்கள் வெறுங்கையோடு திரும்ப விதியில் இடமில்லை. புதைத்ததைத் தோண்டினோம், தண்ணீரைப் பாட்டிலில் நிரப்பினோம், அரக்கு வைத்தோம், கையெழுத்துப் போட்டோம். எல்லாம் முறைப்படி நடந்தது. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று கேட்டால், ஒன்றும் தோன்றவில்லை.

திருப்பதி ஆய்வகத்தில் தண்ணீர் மாதிரியில் குளோரின் வந்தது. வராமல் என்ன செய்யும்? எங்கள் மேலதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்த புதிது. மீன் விற்கத் தடை போட்டிருந்தார்கள். காரணம் கேட்டு மேலிருந்து தினமும் போன். "ஏம்மா, குளோரின் வந்திருக்கு கதா? குப்பத்துக்காரங்க போட்ட பவுடர்னு எழுதிடு, ஐப்போயிந்தி, வேலை முடிஞ்சுது" என்றார். அப்படி எழுதினால் மீனைக் கொன்றவர்கள் அந்த மீனவர்களே என்று ஆகும். நிவாரணம் கிடையாது, வழக்குகூட வரலாம். குப்பத்துக்கு வடக்கே கடலில் அவ்வப்போது திறந்துவிடும் கழிவுநீர்க் கால்வாயை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"மீன் செத்தது மொதல்ல சார். பவுடர் போட்டது அப்புறம்" என்றார் அக்கா.

"எது மொதல்ல, எது அப்புறம்னு போட ரிப்போர்ட்ல எடம் இல்லம்மா."

"நான் எடம் பண்ணிக்கிறேன்."

அவர் எழுதியது இரண்டு வாக்கியம். மாதிரிகள் ஆய்வுக்குத் தகுதியற்றவை. தண்ணீரில் உள்ள குளோரின், விசாரணை அதிகாரிகளின் வருகையை முன்னிட்டுத் தூவப்பட்டது. மேலதிகாரி அதைப் பலமுறை படித்தார். பொய் என்று ஒரு சொல்லையும் காட்ட முடியாமல் மேலே அனுப்பினார். அதன்பிறகு அக்காவுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அவரும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

விஷயம் தெரிந்துகொள்ள மீன்காரம்மா பஸ் பிடித்துத் திருப்பதிக்கே வந்துவிட்டார். "அப்போ எங்க மேல பழி இல்லியே?" என்று கேட்டார். இல்லை என்றார் அக்கா. நிவாரணமும் இல்லை என்பதையும் சொன்னார்.

"அது இருக்கட்டும். மீனு எதால செத்துச்சு?"

"தெரியாதும்மா."

"இம்மாம் படிச்சிட்டு தெரியாதுன்றியே."

"படிச்சதாலதான் தெரியாதுன்னு சொல்றேன். இன்னொருவாட்டி மீன் செத்தா, யாருக்கும் சொல்றதுக்கு முன்ன, துடிக்கிறதுல நாலு பிடிச்சு ஐஸ்ல போடு. கால்வாய்த் தண்ணியும் ஒரு பாட்டில் புடி. எங்களுக்கு அப்புறமா சொல்லு."

எத்தனையோ சுற்றறிக்கைகளைத் தயாரித்தவன் நான். இது எதிலும் இல்லை. சொல்லப்போனால், எல்லாவற்றுக்கும் எதிரானது. விதிப்படி, அதிகாரி எடுக்காத மாதிரி, மாதிரியே அல்ல.

தடை தானாகவே நீங்கியது. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் ஒரு காலையில் மீன்காரம்மா தெர்மாகோல் பெட்டியோடு ஆய்வக வாசலில் நின்றார். உள்ளே ஐஸில் நாலு மடவை மீன். கூடவே, கழுவிய சோடா பாட்டிலில் கலங்கலான தண்ணீர். மறுபடியும் மீன் செத்து ஒதுங்கிய தகவலே குப்பத்திலிருந்து எங்களுக்கு அதன்பிறகுதான் வந்தது. அரக்கு இல்லை, கையெழுத்து இல்லை, பதிவெண் இல்லை. பெறக்கூடாது என்பது விதி. அக்கா பெறவில்லை, பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகச் சொன்னார், அவ்வளவுதான். அக்கா சோதித்துப் பார்த்ததில், மீனின் செவுளில் இருந்ததும் பாட்டிலில் இருந்ததும் ஒரே நஞ்சு. அதைத் தாளில் எழுதவில்லை. மீன்காரம்மாவுக்குப் போன் போட்டார். "கால்வாய்தான். அது தொறக்கற அன்னிக்கு வடக்க வலை போடாதீங்க. அங்க புடிச்சத யாரும் துன்ன வேணாம்."

"எழுதிக் குடுப்பியாம்மா?"

"குடுத்தா செல்லாது."

இரண்டாவது விசாரணைக்கும் நாங்கள் போனோம். அன்றும் கோடுகள் போட்டிருந்தார்கள், ஆனால் சாலையோரம் மட்டும். முறைப்படி எடுத்த மாதிரிகளில் ஒன்றும் கிடைக்கவில்லை. கால்வாய் அதற்குள் மூடியிருந்தது. நான் ஓய்வு பெற்றபோது கோப்பில், காரணம் என்ற இடத்தில், 'கண்டறியப்படவில்லை' என்று இருந்தது. இன்றும் அப்படித்தான் இருக்கும்; அதை மாற்றும் முறை எனக்குத் தெரிந்து எதுவும் இல்லை. ஆனால் கால்வாயில் தண்ணீர் நிறம் மாறினால் குப்பத்தில் ஒருவரும் வடக்கே படகு தள்ளுவதில்லையாம். அக்காவின் அடக்கத்துக்கு வந்திருந்த மீன்காரம்மா சொன்னார்.