வாயில் மிஞ்சிய மந்திரம்

பக்கவாதம் வந்து என் கணவருக்கு வலது கையும் பேச்சும் போயின. அதன் பிறகு கடலூர் மஞ்சக்குப்பத்து வாடகை வீட்டில் டிவி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. நான் சொல்வது அவருக்குப் புரியும். பதில் சொல்ல வாயைத் திறப்பார். "த... த..." என்று இழுத்துவிட்டு இடது கையால் தொடையில் தட்டுவார். தண்ணியா, தலையணையா, ஃபேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்பேன். எதுவும் இல்லையென்றால் கண்ணை மூடிக்கொள்வார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் சிதம்பரத்தில் கோயிலை ஒட்டிய வீதியில் வேதம் ஓதும் குடும்பத்துப் பையன். நான் பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வைத்திருந்த விவசாயக் குடும்பம். ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்தோம், பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். என் வீட்டில் சில வருஷம் கழித்து நல்லது கெட்டதுக்குக் கூப்பிட்டார்கள். அவர் வீட்டில் அதுவும் இல்லை.

தினமும் குளித்ததும் பின்னறையில் உட்கார்ந்து அவர் மந்திரம் சொல்வார். அந்த நேரம் நான் அடுப்படியில் இருப்பேன். கல்யாணமான புதிதில் ஒருமுறை, "அதுல என்னா சொல்றீங்க?" என்று கேட்டேன். "பாதிக்கு எனக்கே அர்த்தம் தெரியாது" என்று சிரித்தார். பிறகு நான் கேட்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து சில வாரம் இருக்கும். காலையில் ஈரத்துணியால் அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கண், மூக்கு, பிறகு காது. திடீரென்று அவர் மந்திரம் சொல்ல ஆரம்பித்தார். திக்கல் இல்லை, குழறல் இல்லை. ஏற்ற இறக்கத்தோடு வரிவரியாக வந்தது. துணியைக் கீழே வைத்தேன்.

"என்னாங்க, என் பேரச் சொல்லுங்க" என்றேன்.

என்னைப் பார்த்தார். உதடு குவிந்தது. "த... த..." என்றார்.

சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் இதைச் சொன்னேன். "அப்படித்தாம்மா இருக்கும். யோசிச்சிப் பேசுறது வேற, சின்ன வயசுலேர்ந்து மனப்பாடமா வர்றது வேற. ரெண்டுக்கும் மூளையில வேற வேற வழி" என்றாள். அது நல்ல அறிகுறிதான் என்றும் சொன்னாள். பஸ்ஸில் திரும்பும்போது, ஆலப்பாக்கத்திலிருந்து சிப்காட் வரை அவர் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். முன் சீட்டுக்காரர் திரும்பிக் கும்பிட்டார். என்னிடம் பேசத்தான் அந்தக் குரலில் ஒரு சொல் இல்லை.

வீட்டிலும் அதே. முன்பு அமைதிதான் தாங்க முடியாமல் இருந்தது. இப்போது குரல் இருந்தது, அது எனக்கானதாக இல்லை. பக்கத்து வீட்டம்மா, "உங்க வீட்டுல கோயிலாட்டம் இருக்குதுக்கா" என்றாள். நான் தலையாட்டினேன்.

அடுத்த பயிற்சிக்குப் போனபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு வயதான அம்மா எங்கள் எதிரில் வந்து நின்றார். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு வந்த என் கணவருடைய அக்கா. நான் அவரை அதற்கு முன் பார்த்ததே இல்லை.

"என்னடா, என்னைத் தெரியறதா?" என்றார்.

என் கணவர் அழுதார். பிறகு, வேறெதுவும் வராததால், மந்திரம் வந்தது. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து அவர் கண் இமையைத் தொட்டார். அடுத்த சொல்லுக்கு மூக்கை, அதற்கடுத்து காதை, மோவாயை. உச்சந்தலையில் கை வைத்து, "மூளை" என்று என்னிடம் சொன்னார். "இப்போ நாக்கு."

"உங்களுக்கு எப்படித் தெரியும்க்கா?"

"பொம்மனாட்டிக்கு யார் சொல்லித் தரா? எங்களுக்கு ஜுரம் வந்தா அப்பா இப்படித் தொட்டுண்டே சொல்லுவார். கண்ணுலேருந்து போ, காதுலேருந்து போன்னு நோயை ஒவ்வொரு இடமா வெரட்டறது. தொட்ட எடம்தான் எனக்கு அர்த்தம்."

கழுத்து, தோள், கை, முதுகு என்று கால்வரை தொட்டுக் காட்டினார். எனக்காக இன்னொருமுறையும் காட்டினார். கிளம்பும்போது, "கடலூருக்கு வாங்கக்கா" என்றேன். "பாக்கலாம்" என்றார். வரவில்லை.

கார்த்திகை மாசத்தில் என் கணவர் இரண்டு நாளாகச் சாப்பிடாமல் முனகினார். எங்கே வலிக்கிறது என்று கேட்டால் தொடையைத் தட்டினார். வயிறா, நெஞ்சா என்று கேட்டுக் கேட்டு நானும் அழுதுவிட்டேன். கடைசியில், "அதச் சொல்லுங்க" என்று அவர் கண் இமையைத் தொட்டேன். சொல்லத் தொடங்கினார். அக்கா காட்டிய மாதிரி நானும் தொட்டுக்கொண்டே வந்தேன். கழுத்து தாண்டியதும் நிறுத்தினார். மறுபடி அந்தச் சொல்லையே சொன்னார். என் கை அவருடைய வலது தோளில் இருந்தது.

டாக்டர் பார்த்துவிட்டு, செயலிழந்து தொங்கும் கையின் பாரத்தில் தோள்மூட்டு இறங்கியிருக்கிறது என்றார். பட்டை கட்டிப் பயிற்சி கொடுத்தார்கள். பொங்கலுக்குள் முனகல் நின்றது.

பேச்சு பெரிதாகத் திரும்பவில்லை. "வா" வந்தது, "வேணாம்" வந்தது. என் பெயர் வரவில்லை. வலி போனதும் மந்திரம் சொல்வதும் குறைந்துவிட்டது. சில நாள் சாயங்காலம் வரை வீட்டில் சத்தமே இருக்காது.

அப்படி ஒரு சாயங்காலம், அவருக்கு டீ ஆற்றிக்கொண்டே, என் காதில் தங்கியிருந்த முதல் வரியை நானே சொல்லிப் பார்த்தேன். அவர் நிமிர்ந்தார். "ம்ஹும்" என்று தலையை ஆட்டிவிட்டு, நான் தப்பாகச் சொன்ன இடத்தைத் திருத்திச் சொன்னார். மறுபடியும் தப்பாகச் சொன்னேன். "வேணாம்" என்றார், வாய் ஒருபக்கமாகக் கோணச் சிரித்துக்கொண்டே. டீ ஆறும்வரை அந்த ஒரு வரியிலேயே நின்றோம்.