நாலாயிரம் சி.சி. ஸவாஹிர் முதலாளி

ஸவாஹிர் முதலாளி பொனட்டைத் தூக்கிவிட்டார் என்றால் அந்த வெள்ளவத்தை ஒழுங்கையில் இருப்பவர்கள் கடற்கரைக்கு வேறு வழியாகப் போவார்கள். அகப்பட்டவர் ஆறு சிலிண்டரையும் பார்த்துத்தான் தீரவேண்டும். “நாலாயிரம் சி.சி.” என்பார் முதலாளி, என்ஜினைத் தட்டிக்கொடுத்து, தாமே பெற்றெடுத்தது போல.

புறக்கோட்டையில் அவருக்குப் புடவைக்கடை. வண்டி, சீமைக்குத் திரும்பிய தோட்டத்துரை ஒருவர் விட்டுப்போன பழைய அமெரிக்கக் கார். அதை வாங்கிய நாளிலிருந்து மனிதரை அளக்க அவருக்கு வேறு கோல் தேவைப்படவில்லை. அடுத்த வீட்டு டாக்டர் தொள்ளாயிரம் சி.சி.; அவருக்கு ஒரு தலையசைப்புப் போதும். கொட்டாஞ்சேனை அரிசி வியாபாரி மூவாயிரம், நின்று பேசலாம். பஸ்ஸில் போகிறவர்கள்தான் அவரைக் குழப்பினார்கள். பஸ்ஸின் என்ஜின் பெரிது.

இந்தக் கோலால்தான் இளைய மகள் ஜெஸீமாவுக்கு வந்த மாப்பிள்ளையையும் அளந்தார். ஷிப்லி, துறைமுகத்தில் என்ஜினியர். வந்தது ஆயிரத்து நூறு சி.சி. ஆங்கிலக் குட்டிக் காரில். வட்டிலப்பம் வாயில் கரையுமுன்பே முதலாளி தம் நாலாயிரத்தை எடுத்துவிட்டார். ஷிப்லி சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். விளக்கம் சொன்னான்.

“விருந்துல வெக்கிற சஹன் தட்டுல எவ்வளவு சோறு புடிக்கும் எண்டதுதான் மாமா, சி.சி. மணித்தியாலத்துக்கு எத்தின சஹன் வெளியில போகுது எண்டது ஹோஸ்பவர். உங்கட என்ஜின் பெரிய சஹன், ஆனா பழசு, ஆறுதலாத்தான் பரிமாறும். என்டது சின்னது, ஓடி ஓடிப் பரிமாறும். உங்கடத்தில நாப்பது ஹோஸ்பவர் வந்தா என்டதில முப்பது வரும். என்ட கார் பாரத்தில உங்கடத்தில அரைவாசியும் இல்ல.”

மாப்பிள்ளை வீட்டார் போனதும் முதலாளி, சோற்றுக் கணக்குப் பார்க்கிறவனுக்குப் பெண் இல்லை என்று மனைவி நஸீறாவிடம் அறிவித்தார். திரைக்குப் பின்னால் நின்ற ஜெஸீமா அன்று சாப்பிடவில்லை. நஸீறா வட்டிலப்பத் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். முதலாளியோடு பேசி வென்றவர் எவரும் இல்லை. கேட்டுக் களைத்தவர்களே உண்டு.

அடுத்து கண்டியில் ஓர் இடம் பொருந்தியது. மாப்பிள்ளைக்கு நாற்பது கடந்துவிட்டது, முதல் தாரம் மவுத்தாகியிருந்தார். ஆனால் ஐயாயிரம் சி.சி. வைத்திருந்தார். நாள் குறிக்க முதலாளியும் நஸீறாவும் புறப்பட்டார்கள். தட்டையான பாதையில் வண்டி ராஜா மாதிரிப் போனது. கடுகண்ணாவை ஏற்றத்தில் பாதி ஏறுமுன் குலுங்கி, ரேடியேட்டரிலிருந்து ஆவி பீறிட, நின்றுவிட்டது. முதலாளி பிரேக்கை மிதித்தபடி இருக்க, நஸீறா இறங்கிச் சில்லுக்குக் கல் வைத்தார். பெற்றோலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்றார் முதலாளி. பிறகு பாதை போட்டவனைக் குறை சொன்னார்.

அப்போது கீழே வளைவில் தையல் மெஷின் போல ஒரு சத்தம். தன் குட்டிக் காரின் பின்சீட்டில் இரும்புச் சாமான்களை ஏற்றிக்கொண்டு ஷிப்லி கண்டிக்குப் போய்க்கொண்டிருந்தான். நிற்காமல் போக அவனுக்குக் காரணம் இருந்தது, நின்றான். ரேடியேட்டரைப் பார்த்தான். இது இனி ஏறாது, ஆள் அனுப்பித்தான் இழுக்கவேண்டும், இருவரையும் கண்டியில் கொண்டுபோய் விடுகிறேன் என்று மட்டும் சொன்னான்.

நஸீறா இரும்பை ஒதுக்கிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

“கண்டிக்கி வாணாம் மகன். கொழும்புக்குத் திருப்புங்க. உங்கட உம்மாவோட கதைக்க ஈக்கிது.” பிறகு கணவரைப் பார்த்தார். “நீங்க வாறீங்களா, இல்ல நாலாயிரத்தோட ஈக்கிறீங்களா?”

இரும்பு நாளைக்கும் போகலாம் என்று ஷிப்லிக்குத் தோன்றியிருக்க வேண்டும். காரைத் திருப்பினான்.

முதலாளி தம் வண்டியைப் பார்த்தார், பள்ளத்தைப் பார்த்தார். மழை இருட்டிக்கொண்டு வந்தது. குட்டிக் காரின் கதவைத் திறந்து குனிந்தார், கூரை இடித்தது. கடையிலும் வீட்டிலும் எவர் முன்னாலும் கழற்றியிராத துருக்கித் தொப்பியைக் கழற்றினார். முழங்கால் இரண்டையும் மடக்கி உள்ளே நுழைந்து, தொப்பியை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, கதவைத் தாமே மெதுவாகச் சாத்தினார்.