மோட்டார் சத்தம் நின்ற பிறகு

எண்பதுகளில் ஒரு மழைக்காலம். எஸ்டேட் பேக்டரியில் மெஷின் பிட்டராக இருந்த என் வீட்டுக்காரர் பக்கவாதத்தில் படுத்துவிட்டார். பேச்சும் போய்விட்டது. தன் கையால் செய்த மீன் தொட்டியை மட்டும் பார்த்துக்கொண்டே கிடப்பார். தொட்டித் தண்ணீர் கீழேயுள்ள இன்னொரு தொட்டியில் இறங்கிச் சுத்தமாகும். அதை மறுபடி மேலே ஏற்றும் மோட்டார், தொழிலாளர் லயத்து வீடே அதிரும்படி இரையும்.

அந்த இரைச்சலில் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. ஒரு நாள் ஆத்திரத்தில் அதை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மதியம் திரும்பியபோது இரண்டு மீன்கள் செத்து மிதந்தன. அவர் கண்களில் நீர் வழிந்தது.

உடனே மோட்டாரைப் போட்டுவிட்டு, திரிங்காப்பு கடைத்தெருவில் தோட்டக் குழாய் விற்பவரிடம் ஓடினேன்.

"சத்தம் போடாத மோட்டாரா குடுங்கண்ணே, என்னால முடியல."

"தண்ணிக்குள்ளயே முக்கி வைக்கிறது இருக்குலா, தங்கச்சி. பைப்பையும் பெருசா மாத்து. சின்ன பைப்புல தள்ளுனா எந்த மோட்டாரும் கத்தும்."

வாங்கி வந்த மோட்டாரைக் கீழ்த்தொட்டித் தண்ணீருக்குள் இறக்கி, அதற்கு அடியில் பழைய ரப்பர் செருப்பை வெட்டி வைத்தேன். பெரிய குழாயை நானே மாட்டி, சுவிட்சைப் போட்டேன். தண்ணீர் சத்தமில்லாமல் மேலே ஏறியது.

அப்போது முதுகுக்குப் பின்னால் மெல்லிய குரல் கேட்டது.

"புள்ள... தண்ணி."

தூக்கிவாரிப் போட்டது. "பேசுறீங்களா? எப்பருந்து?"

"ரொம்ப நாளா... கூப்புடுறேன்."

தண்ணீர் புகட்டினேன். அவருக்குப் பேச்சு போய்விட்டதென்று லயம் முழுக்கச் சொல்லி அழுதிருக்கிறேன். ஒரு தடவைகூட அவர் வாயருகே குனிந்து காது கொடுத்ததில்லை.