பன்னிரண்டரைச் சுற்றில் நின்றவர்

சேரப்பணஞ்சேரியில் விவசாயக் குடும்பத்தின் மூத்த பிள்ளையாகப் பிறந்து, அப்பா போன பிறகு எங்களுக்கு அப்பாவாகவும் இருந்த அண்ணன் மறைந்து ஓராண்டு ஆகிறது. நினைவு மலரில் எல்லோரைப் பற்றியும் நாலு வார்த்தை நல்லதாக எழுத வேண்டும் என்கிறார்கள். என்னால் ஆனவரை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில், அண்ணன் கல்லூரியில் படித்தபோது, எங்கள் வட்டாரத்துக் கல்லூரிகள் நான்கு சேர்ந்து ஒரு தடகளக் கூட்டமைப்பைத் தொடங்கின. தலைவர், துணைத் தலைவர்கள், செயலாளர், இணைச் செயலாளர், புரவலர்கள் என்று மேடை நிறைய ஆள். ஓடுவதற்குத்தான் ஆள் இல்லை.

ஐயாயிரம் மீட்டர் ஓட்டத்தில் முதலில் வருபவருக்குச் சான்றிதழ் உண்டு. அது இருந்தால் அம்பத்தூர் கம்பெனி ஒன்றில் வேலை நிச்சயம். அந்த வேலையை நம்பித்தான் எங்கள் வீடே இருந்தது.

இரண்டாம் ஆண்டுப் போட்டி ஸ்ரீபெரும்புதூரில், ஒரு வெள்ளிக்கிழமை. அண்ணனுக்குத் தண்ணீர் எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். பத்தரைக்கு ராகுகாலம் என்று அதற்கு முன்பே ஓட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். மாலை போட வேண்டிய சிறப்பு விருந்தினரோ வரவில்லை. அவர் வரும்வரை யாரும் ஜெயிக்கக் கூடாது என்று அந்த மேதைகள் முடிவு செய்தார்கள்.

பன்னிரண்டரைச் சுற்றில் முடிய வேண்டிய ஓட்டம் அது. அண்ணன் முதலாவதாக முடித்து நின்றார். செயலாளர் ஓடி வந்தார். அந்த மனிதர் வாழ்நாளில் ஓடியது அன்றைக்கு மட்டுமாகத்தான் இருக்கும்.

"இன்னாபா நின்னுட்ட? ஓடு, இன்னும் கார் வர்ல."

"பன்னெண்டரை ரவுண்டு முடிஞ்சிச்சி சார்."

"அத்த நாங்க சொல்லணும். நீ இன்னா சொல்றது?"

அண்ணன் அசையவில்லை. மற்றவர்கள் பயந்துகொண்டு ஓடி, ஒவ்வொருவராக வெயிலில் சுருண்டு விழுந்தார்கள். பதினெட்டாவது சுற்றில் கார் வந்தபோது மணிமங்கலத்து மாணவர் ஒருவர்தான் மிச்சம். மாலை அவருக்கு விழுந்தது. அண்ணன் பெயருக்கு எதிரே 'இடையில் விலகியவர்' என்று எழுதினார்கள்.

வேலை போயிற்று. படப்பை அரிசி ஆலையில் மூட்டை தூக்கித்தான் அண்ணன் எனக்குக் கல்யாணம் செய்தார், தம்பிகளைப் படிக்க வைத்தார். யாரையும் குறை சொன்னதில்லை. அவர் சொல்லாததற்கும் சேர்த்து நான் சொல்கிறேன்.

மேடையில் நடு நாற்காலி எந்தக் கல்லூரி முதல்வருக்கு என்ற சண்டையில், மறு ஆண்டே கூட்டமைப்பு ஒழிந்தது. நல்லதுதான்.

கருமாதிக்கு அதே செயலாளர் வந்தார். "எங்க கூட்டமைப்புக்கே பெருமைம்மா உங்க அண்ணன். நினைவு மலர் போட்டா ஒரு கட்டுரை தரேன்."

"கட்டுரை வாணாம் சார். மொதல்ல வந்தது அவர்தான்னு ஒரு வரி எழுதிக் குடுங்க, போதும்."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெல்லாம் கமிட்டி கூடித்தாம்மா முடிவு பண்ணணும்."

பத்து வருடத்துக்கு மேலாக இல்லாத கமிட்டி!

பந்தலில், அம்பத்தூர் கம்பெனியில் ஷிப்ட் முடித்துக் காக்கிச் சட்டையோடு வந்திருந்த மணிமங்கலத்துக்காரர் எழுந்தார். "நான் எழுதித் தரேன்மா" என்று பேனா கேட்டார்.

துக்கத்தில் தோள் கொடுத்த உறவினர்களுக்கும், அண்ணனைச் சுமந்து சென்ற அரிசி ஆலைத் தோழர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கூட்டமைப்பின் பெரிய மனிதர்களுக்கு நன்றி கிடையாது. மணிமங்கலத்துக்காரர் எழுதித் தந்ததை ஓர் எழுத்தும் மாற்றாமல் அச்சிடுகிறோம்:

"அன்று முதலில் முடித்தவர் இவர். நான் அரைச் சுற்று பின்னால் வந்தேன். தெரிந்தேதான் அந்த வேலையில் சேர்ந்தேன்."